பாரிஸின் தெற்கு ஓரத்தில் ஒரு நாள்: ஸோ நகரும் அதன் பூங்காவும்

பாரிஸில் ஒரு வாரம் தங்கப் போவதாகவும், வயதான பெற்றோரும் பள்ளியில் படிக்கும் மகளும் உடன் வருவதாகவும், அருங்காட்சியக வரிசைகளிலிருந்து விலகி அமைதியான புறநகர் ஒன்றில் ஒரு நாளைக் கழிக்க விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். வெர்சாய் அரண்மனைக்குப் போகலாமா, வேறு இடம் உண்டா, உண்டென்றால் அங்கே பார்க்க என்ன இருக்கும் என்பவை உங்கள் கேள்விகள். வெர்சாயைத் தனியாக இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமைதியை நாடி அங்கே யாரும் போவதில்லை. நீங்கள் சொல்லும் தேவைக்கு நான் பரிந்துரைப்பது, பாரிஸின் மையத்திலிருந்து தெற்கே சுமார் பத்து கிலோமீட்டர் தொலைவில், ஓ-த-சேன் மாவட்டத்தில் இருக்கும் ஸோ என்ற சிறு நகரம். இருபதாயிரம் பேர் அளவில் வாழும் இவ்வூரின் தெற்குப் பக்கம் முழுவதும் சுமார் 180 ஹெக்டேர் பரப்புள்ள பூங்கா ஒன்று விரிந்து கிடக்கிறது. அதற்குள் நுழையக் கட்டணம் இல்லை.

போகும் முன்பே ஒன்றைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. பூங்காவின் தலைமாட்டில் நிற்கும் செங்கல் மாளிகையைப் பார்க்கவே பலரும் போகிறார்கள். போனவர்களில் சிலர், வெர்சாயோடு ஒப்பிட்டு, இவ்வளவுதானா என்று திரும்பிவிடுகிறார்கள். பதினான்காம் லூயி மன்னரின் நிதியமைச்சர் கொல்பேர் 1670-இல் இந்த நிலத்தை வாங்கி அமைத்த மாளிகை இன்று இல்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது சொத்து பறிமுதலாகி, பின்னர் வணிகர் ஒருவரின் கைக்குப் போனது. அவர் மாளிகையை இடித்து விற்றுவிட்டு, தோட்ட நிலத்தில் விவசாயம் செய்தார். இப்போது நிற்பது, அந்த வணிகரின் மகளை மணந்த த்ரெவீஸ் பிரபுவின் காலத்தில், 1856-க்கும் 1862-க்கும் இடையே, பதின்மூன்றாம் லூயி காலத்துப் பாணியைப் பின்பற்றிக் கட்டப்பட்டது. அழகான கட்டடந்தான், ஆனால் ஸோவுக்குப் போவதற்கான காரணம் அதுவன்று. வீடு போனாலும் போகாமல் நின்ற தோட்டம்தான் அந்தக் காரணம்.

அந்தத் தோட்டத்தை வகுத்தவர் அந்த்ரே லெ நோத்ர், வெர்சாய்த் தோட்டங்களை அமைத்த அதே மனிதர். அவருடைய திறமை பூச்செடிகளில் இருக்கவில்லை, மண்ணில் இருந்தது. மேடும் பள்ளமுமாகக் கிடந்த நிலத்தை வெட்டியும் நிரப்பியும் நேர்ப்படுத்தி, ஓரிடத்தில் நிற்பவருக்கு எது தெரிய வேண்டும், எது நடந்து சென்ற பிறகே தெரிய வேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே தீர்மானித்தார். ஸோவில் இதை நேரடியாகச் சோதித்துப் பார்க்கலாம். மாளிகையின் பின்புறப் படிகளில் நின்று மேற்கே பார்த்தால், புல்வெளி ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை நேராகச் செல்கிறது; பூங்காவில் வேறு எதுவுமே இல்லை என்றுகூடத் தோன்றும். இங்கிருந்து தெற்கே, இருபுறமும் மரங்கள் அடர்ந்த ‘டச்சஸ் நடைபாதை’ வழியாகச் சிறிது தூரம் நடந்தால், திடீரென வலப்பக்கம் தரை சரிந்து, படிப்படியாக நீர் இறங்கும் அருவிகளும், அவற்றின் அடியில் எட்டு பக்கங்கள் கொண்ட பெரிய குளமும் தெரியும். அதையும் கடந்து தாழ்ந்த நிலத்துக்கு இறங்கினால், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள பெருங்கால்வாயின் கரைக்கு வந்து சேர்வீர்கள். கரையோரம் உயர்ந்து நிற்கும் பாப்லர் மரங்களின் நிழல் நீரில் விழுவதால் கால்வாய் இருமடங்கு ஆழமானது போலத் தெரியும். மாளிகை வாசலில் நின்றபோது இவ்வளவு நீர் அருகில் இருப்பதற்கான அடையாளமே இருந்திருக்காது. இந்தக் கால்வாயைத் தோண்டச் செய்தவர் கொல்பேரின் மகன் செய்ன்யெலே.

அருவிகளின் அருகே சில நிமிடங்கள் நின்று, நீர் உமிழும் முகங்களை உற்றுப் பாருங்கள். அவை லெ நோத்ரின் காலத்தவை அல்ல. 1878-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகப் பாரிஸில் கட்டப்பட்ட பழைய த்ரொக்காதெரோ மாளிகைக்காகச் சிற்பி ரொதேன் செய்த முகங்கள், 1930-களில் இந்த அருவிகள் மறுபடி கட்டப்பட்டபோது இங்கே வந்து சேர்ந்தன. நெரித்த புருவமும் அகன்ற வாயுமாக இருக்கும் அவற்றை, ரொதேன் அருங்காட்சியகத்தில் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வருபவர்கள் பலர் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள். இதே காலகட்டத்தில்தான், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மார்ஷல் ரிஷெலியூவுக்காகப் பாரிஸ் நகரின் பெருஞ்சாலை ஓரத்தில் கட்டப்பட்டிருந்த ‘ஹனோவர் மண்டபம்’ கல் கல்லாகப் பிரித்து எடுத்து வரப்பட்டு இந்தப் பூங்காவில் மீண்டும் நிறுத்தப்பட்டது. பாரிஸ் தன்னிடம் இடமில்லை என்று கழித்ததை ஸோ வாங்கி வைத்துக்கொண்டது எனலாம்.

1923-இல், அப்போது பாரிஸையும் சுற்றுப்புறத்தையும் உள்ளடக்கியிருந்த சேன் மாவட்ட நிர்வாகம் இந்த நிலத்தை அதன் கடைசித் தனியார் உரிமையாளரிடமிருந்து வாங்கியது. அன்று தோட்டம் பெரும்பாலும் புதர்க்காடாகக் கிடந்தது. சீரமைக்கப் பணம் வேண்டும். அதற்காக நிலத்தின் ஓரப் பகுதிகளை வீட்டு மனைகளாகப் பிரித்து விற்று, கிடைத்த தொகையைக் கொண்டு கட்டடக் கலைஞர் லெயோன் அஸெமாவின் மேற்பார்வையில் நடுப்பகுதியை மீட்டெடுத்தார்கள். பூங்காவைக் காப்பாற்றுவதற்காகப் பூங்காவின் ஒரு பங்கையே விற்ற இந்த ஏற்பாட்டை இன்று குறை சொல்வது எளிது. ஆனால் இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் பாரிஸின் புறநகர் எங்கும் தோப்புகளும் பண்ணைகளும் முழுமையாக மனைகளாகிக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால், நடுப்பகுதியாவது மிஞ்சியது பெரிய காரியம் என்றே நான் கருதுகிறேன். பூங்காவை ஒட்டிய தெருக்களில், தோட்டம் சூழ்ந்த வீடுகளும் பூட்டிய இரும்புக் கதவுகளும் தொடர்ந்து வருவதைப் பார்க்கும்போது, அந்த வரலாறும் உடன் நினைவில் இருந்தால் தெருக்கள் வேறு விதமாகத் தெரியும்.

மாளிகைக்குள் இருக்கும் அருங்காட்சியகம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். மழை பெய்தால் நல்ல புகலிடம். வெயில் அடித்தால் அதைத் தவிர்த்துவிட்டுத் தோட்டத்தில் இன்னும் ஒரு மணி நேரம் கழிக்கலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. கொல்பேரின் காலத்திலிருந்தே எஞ்சியிருக்கும் ‘விடியல் மண்டபம்’ என்ற சிறு வட்டக் கட்டடத்தின் விதானத்தில் ஷார்ல் லெ ப்ரன் தீட்டிய ஓவியம் இருக்கிறது. அது எப்போதும் திறந்திருப்பதில்லை, திறந்திருந்தால் தவறவிடாதீர்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அர்துவேன்-மான்சார் வடிவமைத்த ஆரஞ்சு மரக்கூடம் இன்றும் நிற்கிறது. குளிர்காலத்தில் தொட்டி மரங்களைப் பாதுகாக்க எழுப்பப்பட்ட அந்த நீண்ட கூடத்தில் 1969 முதல் கோடைக்காலச் செவ்விசை விழா ஒன்று நடந்து வருகிறது.

இந்த இடத்தில் குடியிருந்தவர்களுள் மறக்க முடியாதவர், 1700-இல் இதை வாங்கிய மேன் பிரபுவின் மனைவி. கணவர் பதினான்காம் லூயியின் மகன், ஆனால் மணவுறவுக்கு வெளியே பிறந்து பின்னர் அங்கீகரிக்கப்பட்டவர். மனைவியோ பெரும் தளபதி கோந்தேயின் பேத்தி, குள்ளமான உருவமும் அடங்காத ஆசையும் உடையவர். வெர்சாயில் முதியவராகிவிட்ட மன்னரின் அரசவை சோர்ந்து கிடந்தபோது, இவர் ஸோவில் தனக்கென ஓர் அரசவையே நடத்தினார். 1703-இல் ‘தேனீ வீரர் அணி’ என்று ஒன்றை விளையாட்டாக ஏற்படுத்தி, உறுப்பினர்களுக்குப் பதக்கம் கொடுத்தார்; 1714, 1715 ஆண்டுகளில் இரவு முழுவதும் நீளும் இசை நாடக விழாக்களை நடத்தினார். பிறகு ஆட்சியைக் கவிழ்க்கும் சதி ஒன்றில் கையை விட்டு, கைதாகி, சில காலம் கழித்து இங்கேயே திரும்பினார். 1747-இல், அரண்மனைச் சூதாட்ட மேசையில் தன் தோழிக்கு எதிராக ஏமாற்று வேலை நடப்பதாக வாய்விட்டுச் சொல்லிவிட்ட எழுத்தாளர் வொல்தேர் ஓடி ஒளிந்த இடமும் இந்தப் பெண்மணியின் வீடுதான். பகலில் சன்னல்களைச் சாத்திக்கொண்டு எழுதுவதும், இரவில் இறங்கிவந்து எழுதியதைச் சீமாட்டிக்கு வாசித்துக் காட்டுவதுமாக அவர் இருந்ததாக, அவருடைய செயலாளர் பின்னாளில் எழுதி வைத்தார்.

உங்கள் மகளுக்கு அரச குடும்பக் கதைகளைவிட மேரி கியூரியின் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன். மேரியும் பியேரும் 1895 ஜூலை 26 அன்று ஸோ நகரமன்றத்தில், மதச் சடங்கு எதுவும் இல்லாமல், திருமணம் செய்துகொண்டார்கள். பியேரின் பெற்றோர் வீடு இவ்வூரில்தான் இருந்தது. திருமணப் பரிசாகக் கிடைத்த பணத்தில் இரண்டு மிதிவண்டிகள் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். 1906 ஏப்ரலில் பாரிஸ் தெருவில் குதிரை வண்டி மோதிப் பியேர் இறந்தபோது, அவரை ஸோ கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டே மேரி, மகள்கள் இருவரோடும் மாமனாரோடும், இவ்வூரின் ரயில் பாதை அருகே ஒரு வீட்டுக்குக் குடிவந்து, இங்கிருந்து தினமும் ரயிலில் பாரிஸுக்குப் போய் வேலை செய்தார். இரண்டாவது நோபெல் பரிசு அறிவிக்கப்பட்ட 1911-இல், பத்திரிகைகள் அவருடைய சொந்த வாழ்க்கையைச் சந்தி சிரிக்க வைத்தபோது, கூச்சலிடும் கூட்டம் ஒன்று வந்து கூடியதும் இந்த அமைதியான ஊரின் வீட்டு வாசலில்தான். 1934-இல் இறந்த மேரியும் கணவரின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1995 ஏப்ரலில் இருவரின் உடல்களும் நாட்டின் பெருமக்களுக்கான நினைவிடமாகிய பாரிஸின் பாந்தியோனுக்கு மாற்றப்பட்டன. அதனால் கல்லறைக்குப் போய் மேரியைத் தேடாதீர்கள். ஆனால் 1935-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மகள் ஐரீனும் மருமகன் பிரெதெரிக் ஜோலியோவும் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆரவாரமில்லாத, மற்ற குடும்பக் கல்லறைகளோடு கலந்து கிடக்கும் இடம் அது.

ஊரின் நடுவே செல்லும் உதான் தெருவில் வாகனங்களுக்கு இடமில்லை. ரொட்டிக் கடை, பாலாடைக்கட்டிக் கடை, பூக்கடை, மருந்துக் கடை என்று வரிசையாக இருக்கும். ஞாயிறு பிற்பகலிலும் திங்களன்றும் பல கடைகள் அடைத்திருக்கும் என்பதால், செவ்வாய் முதல் சனி வரையிலான ஒரு நாள் உங்களுக்குப் பொருந்தும், அருங்காட்சியகமும் திறந்திருக்கும். கடைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தையாக ‘போன்ழூர்’ சொல்லிவிட்டு மற்றதைக் கேளுங்கள். பாரிஸின் மையத்தில் இதைப் பொருட்படுத்தாதவர்கள் இருக்கலாம். இது போன்ற ஊர்களில் வணக்கம் சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுருங்குவது உடனே தெரியும். தெருவை ஒட்டிய புனித யோவான் தேவாலயத்துக்குள், பழைய மாளிகையின் சிற்றாலயத்துக்காகச் சிற்பி த்யூபி செதுக்கிய கிறிஸ்துவின் திருமுழுக்குச் சிற்பம் பீடத்தில் இருக்கிறது. இடிக்கப்பட்ட மாளிகையிலிருந்து தப்பியவற்றுள் மிக நல்லது அதுவே என்பேன். தேவாலயத்தை அடுத்த சிறு தோட்டத்தில், 1794-இல் இவ்வூரில் காலமான நீதிக்கதைக் கவிஞர் ஃப்ளோரியானின் சமாதியும், தெற்குப் பிரான்சின் புரொவான்சால் மொழிக் கவிஞர்கள் சிலரின் மார்பளவுச் சிலைகளும் உள்ளன. ஃப்ளோரியான் தென்னாட்டுக்காரர் என்பதால், பாரிஸில் குடியேறிய தென்னாட்டுக் கவிஞர்கள் ஆண்டுதோறும் இங்கே வந்து கூடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியது. பிழைக்க வந்த நகரத்தில் தாய்மொழிக்கென ஒரு நாளை ஒதுக்கிக்கொள்ளும் அந்த ஏற்பாடு நம்மவர்க்குப் புரியாததன்று.

போகும் வழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பாதை பிரியும் இடத்தில் பலர் குழம்புகிறார்கள். பாரிஸின் வடக்கு ரயில் நிலையமான கார் து நோர், ஷாத்லே, தான்பேர்-ரொஷெரோ ஆகியவற்றின் வழியாகச் செல்லும் ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில் தடம் தெற்கே பூர்-லா-ரென் நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஸோ நிலையம் இருப்பது ரொபேன்சோன் என்ற முடிவிடத்துக்குப் போகும் கிளையில். மற்றொரு கிளையில் ‘பார்க் த ஸோ’ என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருப்பதால், ஊருக்குப் போக வேண்டியவர்கள் அங்கே இறங்கிவிடுவதும் உண்டு. அதுவும் பூங்காவுக்கு நடக்கும் தூரம்தான் என்றாலும், ஊரைப் பார்த்துவிட்டுப் பூங்காவுக்குள் நுழைய விரும்பினால் ரொபேன்சோன் வண்டியே சரி. நடைமேடையின் அறிவிப்புப் பலகையில் அந்த வண்டி நிற்கும் நிலையங்கள் காட்டப்படும். ஸோவின் பெயர் இல்லையென்றால் அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள், அல்லது பூர்-லா-ரென்னில் இறங்கி மாறுங்கள். ஷாத்லேயிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வார இறுதிகளிலும் கோடையிலும் இந்தத் தடத்தில் பராமரிப்புப் பணிகளுக்காகச் சேவை குறைவது வழக்கம் என்பதால், முதல் நாள் இரவே செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரியில் கட்டண முறை மாற்றப்பட்டபின், விமான நிலையம் தவிர, பாரிஸும் சுற்றுப்புறமும் அடங்கிய இல்-த-பிரான்ஸ் பகுதிக்குள் மெட்ரோவிலோ ரயிலிலோ எங்கே போனாலும் ஒரே கட்டணம்; தொடக்கத்தில் 2.50 யூரோ, ஆண்டுதோறும் சிறிது உயரும். ‘நவிகோ ஈஸி’ அட்டையில் ஏற்றிக்கொள்ளும் இந்தப் பயணச்சீட்டை ஒரே பயணத்தில் இருவர் பகிர முடியாது; ஆளுக்கொரு அட்டை வேண்டும். இறங்கும் நிலையத்திலும் அட்டையைக் காட்டித்தான் வெளியேற வேண்டும்.

போகிற வழியில் தான்பேர்-ரொஷெரோ நிலையக் கட்டடத்தைப் பார்க்க நேரமிருந்தால் பாருங்கள். அதன் முகப்பு ஏன் வளைந்திருக்கிறது என்பதற்குக் காரணம் ஸோ பாதைதான். 1846-இல் திறக்கப்பட்ட இந்தப் பாதை, கூர்மையான வளைவுகளில் வண்டி தடம் புரளாமல் திரும்புவதற்காகப் பொறியாளர் அர்னூ உருவாக்கிய முறைக்குச் சோதனைக் களமாக அமைந்தது. பாரிஸ் முனையில் வண்டி பின்வாங்காமல் அப்படியே சுற்றித் திரும்ப வேண்டியிருந்ததால், தண்டவாள வளையத்தைத் தழுவியபடி நிலையத்தைக் கட்டினார்கள். அந்த முறை பின்னர் கைவிடப்பட்டது, கட்டடம் மட்டும் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஞாயிறுதோறும் பாரிஸ்வாசிகள் ஆட்டமும் பாட்டமும் விருந்துமாக இந்தப் பக்கம் வந்து குவிவது இந்த ரயிலுக்குப் பிறகு இன்னும் பெருகியது. 1848-ஐ ஒட்டி, பக்கத்து ஊரில் பெரிய செஸ்ட்நட் மரத்தின் கிளைகளில் மேடை கட்டி உணவகம் நடத்தினார்கள். கீழிருந்து கூடையில் வைத்த கோழியும் மதுவும் கயிற்றில் மேலே ஏறும். ரொபேன்சோன் என்ற பெயர் அந்தக் கேளிக்கை விடுதியிலிருந்து வந்து, பிறகு ஊர்ப் பெயரோடும் நிலையப் பெயரோடும் ஒட்டிக்கொண்டது.

பருவத்தைப் பொறுத்தவரை, மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் ஆகியவை நல்ல மாதங்கள். ஏப்ரல் நடுவில் பூங்காவின் இரு தோப்புகளில் ஜப்பானியச் செர்ரி மரங்கள், ஒன்றில் இளஞ்சிவப்பாகவும் மற்றதில் வெண்மையாகவும், பூத்துக் குலுங்கும். பாரிஸில் வாழும் ஜப்பானியர்கள் மரத்தடியில் விரிப்புப் போட்டு உணவருந்துவார்கள். காணக் கிடைக்காத காட்சிதான், ஆனால் அந்த வார இறுதிகளில் மட்டும் நீங்கள் தேடும் அமைதி கிடைக்காது; வேலை நாளின் காலையில் போனால் ஓரளவு தப்பலாம். பூங்காவின் கதவுகளை அந்தி சாயும்போது மூடுவார்கள், நேரம் மாதத்துக்கு மாதம் மாறும்.

பெற்றோர் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள் என்றால், ஊரின் சிற்றுண்டிச் சாலைகளை நம்ப வேண்டாம். கார் து நோர் நிலையத்திலிருந்து சற்று நடந்தால் லா சப்பல். அங்குள்ள ஈழத்தமிழர் கடைகளில் இடியாப்பமோ புளிச்சோறோ கட்டிக்கொண்டு, அதே நிலையத்திலிருந்து நேரே இந்த ரயிலில் ஏறிவிடலாம். பூங்காவின் புல்வெளியில் அமர்ந்து உண்ணத் தடையில்லை. கழிப்பறைகள் குறைவு, மாளிகைப் பக்கம் இருக்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். மேட்டிலிருந்து கால்வாய்க்கு இறங்கும் பாதைகள் சரளைக் கல் பரப்பியவை, சரிவும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களை அருவிப் படிக்கட்டு வழியாக அழைத்துச் செல்லாமல், சுற்றுப் பாதையில் மெதுவாக இறக்குங்கள். இறங்கிய பிறகு மறுபடி மேடேறி ஊர் நிலையத்துக்கு வர வேண்டியதில்லை. பூங்காவின் தெற்குப் பக்கம் வெளியேறினால் லா க்ருவா த பெர்னி நிலையம் இருக்கிறது, அது ஆர்.இ.ஆர். பி-யின் மற்றொரு கிளையில் உள்ளது. அங்கிருந்து வடக்கே போகும் வண்டி விமான நிலையத்துக்குப் போவதானாலும் மித்ரி என்ற முடிவிடத்துக்குப் போவதானாலும், இடையில் ஷாத்லேயிலும் கார் து நோரிலும் நின்றுதான் செல்லும்.